ஊருக்கு அனுப்பிய மைதானம்

1

மார்ச் மாதக் கடைசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் மரைக்கே. நெதர்லாந்தில் நான் குடியிருக்கும் சிற்றூரின் ஹாக்கி கிளப்புக்கு அவர்தான் தலைவி. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். கடிதமும் அப்படித்தான் இருந்தது. "நம் பழைய மைதானம் உன் ஊருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஜூனில் இரண்டாவது மைதானத்தையும் உரிக்கிறோம். அதையும் அங்கே அனுப்பலாமா? ஆண்டு விழாவில் போட்டுக் காட்ட, உன் ஊர்ப் பிள்ளைகள் விளையாடும் வீடியோ ஒன்றும் வேண்டும்."

மைதானம் எப்படி ஊர் விட்டு ஊர் போகும் என்று கேட்பீர்கள். இங்கே ஹாக்கி ஆடுவது மண்ணில் அல்ல, பிளாஸ்டிக் புல்லில். கம்பளம் மாதிரி விரித்திருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தேய்ந்துவிடும். சுருட்டி எடுத்துவிட்டுப் புதிதாக விரிப்பார்கள். அப்படிச் சுருட்டிய பழைய புல்லில் ஒரு கண்டெய்னர் கொள்ளும் அளவை, பேரையூர்ப் பக்கத்தில் இருக்கும் என் ஊருக்கு அனுப்பி வைத்தேன். எங்கள் கபடிக் குழுவின் ஆடுகளத்தில் அதை விரித்தார்கள்.

மரைக்கேயின் கடிதத்துக்குப் பத்தே நிமிடத்தில் பதில் போட்டேன். தாராளமாக அனுப்பலாம், மே மாதம் ஊருக்குப் போகிறேன், வீடியோ எடுத்து வருகிறேன் என்று. பதிலை அனுப்பிவிட்டுத்தான் ஊருக்கு போன் போட்டேன். என் வயதுத் தோழனும் குழுவின் செயலாளருமான தவமணி, விஷயத்தைக் கேட்டு ஒரு நொடி சும்மா இருந்தான். பிறகு, "சரி மாப்ள. நீ சொன்னாச் சரி" என்றான். அந்த ஒரு நொடியை நான் கண்டுகொள்ளவில்லை.

இந்தக் கிளப்பில் எனக்கு என்ன வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகள் மது எட்டு வயதில் இங்கே சேர்ந்தாள். பிள்ளை ஆடினால் பெற்றவர்களும் ஏதாவது வேலை பார்க்க வேண்டும் என்பது இங்கே சட்டம் மாதிரி. நடுவராக நிற்க என் டச்சு மொழி போதாது. தேநீர்க் கவுன்ட்டரில் நின்றால், கேட்டது ஒன்று நான் கொடுப்பது ஒன்று. கடைசியில் பிளாஸ்டிக்கை என்னிடம் விட்டார்கள். முன்பணம் திரும்பக் கிடைக்கும் பாட்டில்கள் ஒரு பை, மூடிகள் ஒரு பை, கழுவி மறுபடி பயன்படுத்தும் தம்ளர்கள் ஒரு கூடை. குளிரில் கையுறை போட்டுக்கொண்டு பிரிப்பேன். பேச வேண்டியதே இல்லாத வேலை. அதில் நான் கெட்டிக்காரன் ஆனேன். பிறகு கமிட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். அலுவலகத்தில் பதினேழு வருடமாக நான் 'அந்த இந்தியர்'தான். கிளப்பில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. சனிக்கிழமை காலையில் நான் சைக்கிளில் வந்து இறங்கினால் நாலு பேர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

மது ஹாக்கியை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் விடவில்லை. "நீ எதுக்கு இன்னும் போறே?" என்று ஒருநாள் டச்சில் கேட்டாள். இப்போதெல்லாம் என்னிடம் டச்சில்தான் பேசுகிறாள்; நான் தமிழில் சொல்வேன், அவள் அதற்கு டச்சில் பதில் சொல்வாள். சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்தால் எனக்குக் கால் நிற்காது. ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். அதனால் போகிறேன்.

2

முதல் மைதானம் போன கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. என் தப்பு அங்கேதான் இருக்கிறது.

பழைய புல்லைச் சுருட்டி ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பிரித்து மறுசுழற்சி செய்யும் ஆலை ஒன்று வடக்கே இருக்கிறது, பணம் கொடுத்துத்தான் தள்ளிவிட வேண்டும் என்று கமிட்டியில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பச்சைப் பசேல் என்று இருக்கிறது, ஓரத்தில் மட்டும்தான் தேய்மானம். எங்கள் ஊர் ஆடுகளம் கண் முன்னால் வந்தது. கரடும் புழுதியும், வெயிலில் பாளம் பாளமாக வெடித்த தரையும். கையைத் தூக்கினேன்.

மரைக்கே இரண்டு கேள்வி கேட்டார். முதல் கேள்வி, அங்கே வெயில் அதிகமாயிற்றே, இந்தப் புல் தாங்குமா என்பது. எனக்கு என் ஊரைத் தெரியும் என்றேன். இரண்டாவது, அவர்களைக் கேட்டாயா என்பது. நான் சிரித்தேன். "எங்கள் ஊரில் அதெல்லாம் கேட்கத் தேவையில்லை" என்றேன். கமிட்டியில் மற்றவர்களும் சிரித்தார்கள். அதைப் பெருமையாகத்தான் சொன்னேன்.

அப்புறம் தாள்கள். ஒரு பொருள் நாடு விட்டு நாடு போக எத்தனை தாள் வேண்டும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். நகராட்சி அலுவலகத்தில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். 'இது கழிவா, மறுபடியும் பயன்படும் பொருளா?' என்று அதில் ஒரு கட்டம். கழிவு என்றால் அனுப்ப முடியாது. கவுன்ட்டரில் இருந்த பையன், "இதை நீங்கள் உறுதியாகச் சொல்ல வேண்டும், கையெழுத்து உங்களுடையது" என்றான். உறுதியாகச் சொன்னேன். மேலூர்ப் பக்கத்திலிருந்து ராட்டர்டாமுக்குக் கிரானைட் அனுப்புகிற ஒருவருடைய கண்டெய்னரில் திரும்பும் வழியில் இடம் பிடித்தேன். தூத்துக்குடியில் இறங்கியதும் தவமணி போய் நாலு நாள் அங்கேயே கிடந்து எடுத்து வந்தான். விதைப்பு நேரத்தில் அவனுக்கு நாலு நாள் என்றால் என்ன என்று விவசாயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்குத் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

வெளிநாட்டில் இருப்பவன் கொண்டு வந்ததை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. இங்கே தள்ளுபடியில் வாங்கிய பனிக்கோட்டு ஒன்றை முதல் பயணத்தில் தவமணிக்குக் கொடுத்தேன். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தான். கிண்டலுக்குச் செய்கிறானோ என்று பார்த்தேன். இல்லை. கொடுத்தவன் கண்ணுக்கு அது பயன்பட வேண்டும், அவ்வளவுதான்.

புல் விரித்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ அழைப்பு வந்தது. காலை வெளிச்சத்தில் புல் ஈரமாக மின்னும். நாலைந்து பேர் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். "எப்படி இருக்கு தவம்?" என்று கேட்பேன். "ஜம்முனு இருக்கு மாப்ள." அதைப் பதிவு செய்து கிளப்பில் எல்லாருக்கும் காட்டுவேன். தேநீர் அறைச் சுவரில் ஒரு படமே மாட்டினார்கள். இந்தியாவில் நம் மைதானம் என்று அதன் கீழே எழுதியிருந்தது.

3

மே மாதம் தனியாகத்தான் வந்தேன். பரீட்சை இருக்கிறது என்றாள் மது. மதுரை தல்லாகுளத்தில் அக்கா வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, மறுநாள் ஊருக்கு வருவதாகத் தவமணியிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் வரை இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட்ட கையோடு கிளம்பி பஸ் ஏறினேன். அக்கா திட்டினாள். அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் எவனாவது பேரையூர் பஸ்ஸில் ஏறுவானா என்று கேட்டாள்.

ஊரில் இறங்கியபோது தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. டீக்கடை வாசலில் மிதியடிக்குப் பதிலாக ஒரு துண்டுப் பச்சைப் புல் கிடந்தது. அடுத்த வீட்டில் ஆட்டுக் கொட்டிலின் கூரையில் ஒரு துண்டு. டிராக்டர் சீட்டில் ஒரு துண்டு. வெட்டி மிஞ்சியதை வீணாக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். அந்த நேரத்தில் எனக்கு எல்லாமே சந்தோஷமாகத்தான் தெரிந்தது.

களத்தில் யாரும் ஆடவில்லை. தவமணியும் இன்னும் இரண்டு பேரும் ஒரு தண்ணீர் வண்டியை ஓரமாக நிறுத்தி, குழாயால் புல்லின் மேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பட்ட இடத்திலிருந்து ஆவி எழும்பியது. என்னைப் பார்த்ததும் தவமணி குழாயைக் கீழே போட்டான்.

"நாளைக்குத்தானே வாரேன்னே?"

"இருக்க முடியலடா. என்ன செய்றீங்க?"

"சும்மாதான். தூசியா இருந்துச்சு."

கூட நின்றவர்களில் சின்னவன் தரையைப் பார்த்தான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, நனையாத பக்கமாகப் புல்லின் மேல் கால் வைத்தேன். எங்கள் களத்தில் செருப்போடு இறங்கும் பழக்கம் இல்லை. இரண்டாவது அடி வைக்க முடியவில்லை. தோசைக்கல்லில் நின்ற மாதிரி இருந்தது. துள்ளி வெளியே வந்தேன். உள்ளங்கால் சிவந்துவிட்டது.

"இதுல எப்படிடா ஆடுறீங்க?"

தவமணி குனிந்து குழாயைச் சுருட்டத் தொடங்கினான். சின்னவன்தான், "ஆடுறதில்லண்ணே. ஞாயித்துக்கெழம ஒங்களுக்குப் போன்ல காட்டும்போது மட்டும் நனைச்சு விட்டு நிப்போம். நாளைக்கு நீங்க வாரீகன்னுதான் இன்னிக்குக் கழுவுறோம்" என்றான். தவமணி அவனை முறைத்தான். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் நான் பார்த்து மயங்கிய அந்த ஈரம், இந்த வண்டித் தண்ணீர். அந்தத் தண்ணீர் இந்த ஊரில் எத்தனை வீட்டுக் குடங்களுக்கு ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஊரில் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவன்தான் நானும்.

"ஏன்டா சொல்லல?"

"என்னத்தச் சொல்லச் சொல்ற? அம்புட்டு தூரத்துல இருந்து அனுப்பிச்சிருக்க."

4

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகள் எங்கே ஆடுகிறார்கள் என்று பார்க்கப் போனேன். ஊருக்கு மேற்கே கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு மண் திட்டு. பத்துப் பன்னிரண்டு பெண் பிள்ளைகள் சுண்ணாம்புக் கோடு போட்டு கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவர்களைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவள் பவித்ரா, தவமணியின் மகள். பத்தொன்பது வயது. வலது முட்டியில் உறை போட்டிருந்தாள்.

பள்ளியில் படிக்கும்போதே மாவட்ட அளவில் பேர் வாங்கியவள் அவள். பாடிப் போனால் இரண்டு பேரையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்புவாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் மதுரையில் நல்ல காலேஜில் இடம் கிடைக்கும் என்று தவமணி ஒரு காலத்தில் வாரம் தவறாமல் சொல்வான். அந்தப் பேச்சு எப்போது நின்றது என்று அங்கே நின்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

"முட்டியில என்னம்மா?"

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "அப்பா சொல்லலையா மாமா?"

"இல்லையே."

"போன வருசம் பொங்கலுக்கு முன்னாடி. உங்க புல்லுலதான் பிராக்டிஸ். மண்ணா இருந்தா காலு சறுக்கி விட்டுரும். இது பிடிச்சுக்கிட்டு விடல. உடம்பு திரும்பிருச்சு, பாதம் திரும்பல. ஜவ்வு கிழிஞ்சு போச்சு." விளையாடும் பிள்ளைகள் மேல் கண்ணை வைத்துக்கொண்டே சொன்னாள். "ஆபரேசன் பண்ணியாச்சு. நடக்கிறேன், லேசா ஓடுறேன். பாடிப் போகத்தான் பயமா இருக்கு. செலக்சன் போச்சு. இப்ப பேரையூர்ல இருந்து பஸ்ஸுல போயி பி.காம் படிக்கிறேன்."

அந்த மாதம் வந்த வீடியோக்களிலும் பச்சை மின்னியது. அவள் அதில் இல்லை என்பதை நான் கவனித்தேனா? கவனிக்கவில்லை. என் கண் புல்லின் மேலேயே இருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"நீ வேணாம்னு சொல்லலையாம்மா?"

"விரிச்ச அன்னைக்கே சொன்னேன் மாமா. கால் சுடுதுப்பா, எடுத்துருவோம்னு. மாமா மனசு சங்கடப்படும்னு அப்பா சொல்லிட்டாரு. முட்டி போனதுக்கு அப்புறமும் அதத்தான் சொன்னாரு." கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொன்னும் வருதாமே?" என்று கேட்டாள்.



அவள் கையை நீட்டிக் காட்டினாள். திட்டின் நாலு மூலையிலும் கல் ஊன்றியிருந்தது. "அது வந்தா இங்கதான் விரிக்கணும்னு அப்பா அளந்து வச்சிருக்காரு. ஒங்க புல்லு போடுறதுக்கு வேற எடம் இல்ல. இதையும் மூடிட்டா இந்தப் புள்ளைக எங்கிட்டுப் போய் ஆடும்னு நீங்களே சொல்லுங்க மாமா."

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வராது, நான் நிறுத்துகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். நம்பின மாதிரித் தெரியவில்லை.

5

இரண்டாவது வராமல் நிறுத்த ஒரு மின்னஞ்சல் போதும். விரித்து வைத்த முதலாவதை என்ன செய்வது? நான் பிளாஸ்டிக் பிரிப்பதில் கெட்டிக்காரன் அல்லவா. ஒரு சாண் அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மதுரைக்கு வந்தேன். பழைய டவுனுக்குள் பிளாஸ்டிக் குடோன் வைத்திருக்கும் கமாலுதீன் பாயைப் போய்ப் பார்க்கச் சொன்னார் அக்கா வீட்டுக்காரர். மூன்று தலைமுறையாகக் காயலான் கடைக் குடும்பம், பிளாஸ்டிக்கில் அவருக்குத் தெரியாதது இல்லை என்றார்.

பாய் துண்டை வாங்கி முகர்ந்து பார்த்தார். நகத்தால் ஒரு இழையைப் பிடுங்கினார். லைட்டரால் நுனியைக் கருக்கி மறுபடி முகர்ந்தார். பிறகு திருப்பி அடிப்பக்கத்தைக் கத்தியால் சுரண்டினார். மணல் கொட்டியது.

"எம்புட்டு இருக்கு தம்பி, இந்த மாலு?"

சொன்னேன். அவர் துண்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம் தம்பி. நீங்க மேல காசு வச்சுக் குடுத்தாலும் எனக்கு வேணாம்." எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்துச் சாக்கிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தார். "இதப் பாருங்க. பாட்டிலு ஒரு ரகம், மூடி ஒரு ரகம், மேல சுத்துன தாளு ஒரு ரகம். கழட்டுனா தனித்தனியா வந்துரும். அதான் இதுக்கு விலை. உங்க மாலுல புல்லு ஒண்ணு, அடித்துணி ஒண்ணு, நடுவுல பசை, உள்ளாற மணலு. அம்புட்டும் ஒட்டிக் கெடக்கு. பிரிக்க முடியாதத எவன் வாங்குவான்? குடமும் ஆகாது, பக்கெட்டும் ஆகாது."

"எரிச்சுடலாமா பாய்?"

"எரிக்கலாம். அந்தப் பொகைய யாரு குடிக்கிறது?" என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தார். பாதி குடித்த பிறகு கேட்டார், "அந்த ஊர்ல இத என்ன செய்வாக?"

"ஒரு ஆலை இருக்கு பாய். பணம் கட்டி அங்க குடுக்கணும்."

"அப்ப அங்கயே குடுத்திருக்கலாமே தம்பி."

அவர் குத்திக்காட்டவில்லை. ஒரு வியாபாரி இன்னொருவனிடம் கேட்கிற சாதாரணக் கேள்வி அது. நான் மீதி டீயைக் கீழே வைத்தேன். கிளப்புக்கு மிச்சமான அந்தப் பணத்துக்காக அன்றைக்கு எல்லாரும் என் கையைக் குலுக்கினார்கள். அதை நான் ஊருக்குச் செய்த உதவி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தவமணியிடம் போய், புல்லை உரிப்போம் என்றேன். எதிர்பார்த்த மாதிரியே, "இருக்கட்டும் மாப்ள. ஒரு ஓரமா ஆடுமாடு கட்டிக்கலாம்" என்றான். பவித்ரா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்றேன். அவன் முகம் மாறியது. சற்று நேரம் துண்டை உதறி உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தான்.

"எம் பிள்ளைய ஆஸ்பத்திரியில போட்டுட்டு, ஞாயித்துக்கெழமன்னு ஓடி வந்து இதுல தண்ணி ஊத்திக்கிட்டு நின்னேன்டா" என்றான். "நீ சிரிச்சே. நானும் சிரிச்சேன்." முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில் அவன் என்னிடம் கோபப்பட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. என்னை மன்னித்துவிடு என்று சொல்லத் தோன்றியது. அதைச் சொன்னால், அதற்கும் 'சரி மாப்ள' என்று சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

மூன்று நாள் விடிகாலையில் உரித்தோம். வெயில் ஏறினால் தொட முடியாது. குழுவில் இருந்த எல்லாரும் வந்தார்கள். மணல் ஏறிக் கனத்துப் போயிருந்தது. ஒரு சுருளைத் தூக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது. சுருட்டிய பிறகு, எங்கே போடுவது என்ற கேள்வி வந்தது. கண்மாய்க்குள் போடலாம் என்று ஒருவர் சொன்னார். தவமணி தன் தரிசைக் கொடுப்பதாகச் சொன்னான். அவன் அப்படித்தான் சொல்வான்.

ஊரில் எனக்கு என் பங்காக அறுபது சென்ட் நிலம் இருக்கிறது. ரோட்டை ஒட்டிய இடம். ஓய்வு பெற்று வந்ததும் அதில் வீடு கட்டுவதாகத்தான் இத்தனை வருடம் சொல்லி வருகிறேன். வரைபடம்கூட நானே போட்டு வைத்திருக்கிறேன்.

"என் நிலத்துல போடுங்க" என்றேன்.

"வீடு கட்டணும்னியே மாப்ள."

"போடு தவம்."

டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினோம். கிணறு வெட்ட நான் குறித்து வைத்த மூலையிலிருந்து ரோடு வரைக்கும் அடுக்கு நீண்டது. மேலே தார்ப்பாய் போட்டுக் கல் வைத்தோம். கடைசிச் சுருளை இறக்கும்போது பவித்ரா வந்து பார்த்துவிட்டுப் போனாள். போகிற வழியில், கண்மாய்க் கரையில் ஊன்றியிருந்த நாலு கல்லையும் அவளே பிடுங்கிப் போட்டாள் என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

6

நெதர்லாந்து திரும்பியதும், கிளப் கமிட்டியில் பேச வேண்டியதை எழுதிக்கொண்டேன். என் டச்சில் பிழை இருக்குமே என்று மதுவிடம் காட்டினேன். ஒரு வரியில் விரலை வைத்தாள். அந்த மைதானத்தால் ஒரு தவறு நேர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தேன்.

"மைதானமா தவறு செஞ்சது?" என்று கேட்டாள். டச்சில்தான் கேட்டாள். அந்த வரியை அடித்துவிட்டு, 'நான் தவறு செய்தேன்' என்று எழுதினேன். பிறகு அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். பவித்ரா, பவித்ரா என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கமிட்டியில் யாரும் என்னை இடையில் நிறுத்தவில்லை. படித்து முடித்ததும் மரைக்கே, "நாங்கள் உன்னிடம் கேட்டோம்" என்றார். கேட்டீர்கள் என்றேன். "நீ அவர்களிடம் கேட்கவில்லை." கேட்கவில்லை என்றேன். இந்த ஊர்க்காரர்களின் இந்த வெட்டுப் பேச்சு எனக்குப் பழகப் பதினேழு வருடம் ஆயிற்று. அன்றைக்கு அது நல்லதாகவே பட்டது. இரண்டாவது மைதானம் வடக்கே அந்த ஆலைக்குப் போகும் என்று முடிவானது. தேநீர் அறைச் சுவரிலிருந்து படத்தை நானே கழற்றினேன். ஆணி அடித்த ஓட்டை மட்டும் தெரிகிறது. சனிக்கிழமைகளில் பாட்டில் பிரிக்கப் போகிறேன். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். முன்பு மாதிரி எனக்கு அது காதில் இனிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து மரைக்கே ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தார். பிள்ளைகள் போட்டுக் கழித்த முட்டி உறைகள், துவைத்து ரகம் பிரித்து அடுக்கியிருந்தார். பவித்ரா பழக்கிவிடும் பிள்ளைகளுக்கு என்றார். மனதார ஆசைப்பட்டுத்தான் கொண்டு வந்தார். 'தாராளமாக' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்று மாற்றிச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை தவமணி அழைத்தான். பின்னால் பழைய களம் தெரிந்தது. பாதிக்குமேல் செம்மண் அடித்துச் சமப்படுத்தியிருந்தார்கள். புழுதிக்குள் பிள்ளைகள் பாடிப் போகும் சத்தம் கேட்டது. அதட்டும் குரல் பவித்ராவுடையது. பெட்டியைப் பற்றிச் சொன்னேன். நல்ல உறைகள், அதிகம் தேயவில்லை, அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

தவமணி போனைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் பக்கம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்கு அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரிந்தது. நான் அவசரப்படுத்தவில்லை.

"வேணாம் மாப்ள" என்றான்.

அதோடு நிறுத்திக்கொண்டான். ஏன் என்று சொல்லவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. நான் சரி என்றேன்.